ஆறடி இறங்கிய ஏரியும் அப்பாவின் மரங்களும்

வில்லோ பென்ட் ஏரி, இண்டியானா
நவம்பர் 17

அன்பு மகள் ஹைடிக்கு,

அம்மா எழுதுவது. நியூசிலாந்து டனீடனில் நீயும் ரோரியும் குட்டிப் பயலும் உடம்பு நோவு எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், ஏரிதான் ஆறடி இறங்கிக் கிடக்கிறது. பயலுக்குக் காதுவலி சரியாகிவிட்டதா? குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். உனக்கும் சின்ன வயதில் இப்படித்தான், ஜூன் முழுக்க ஏரியில் கிடப்பாய், ஜூலை முழுக்கக் காதைப் பிடித்துக்கொண்டு அழுவாய். போன வாரம் போனில் நீ, "அம்மா, அப்பா பேரைப் படகுத்துறைப் பலகையில எழுதிட்டாங்களாமே, அப்பா அப்படி என்ன பண்ணினாரு?" என்று கேட்டாய், நான் ஆரம்பிப்பதற்குள் உனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. உன் தம்பி கர்ட் உனக்கு ஒரு போட்டோவை அனுப்பி, 'குற்றவாளி பிடிபட்டார்' என்று எழுதியிருக்கிறான். அவன் எழுதியதை நம்பாதே. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுக்கப் படி.

ஜூன் மாதம் மாநில அணை ஆய்வாளர் வந்தார், பார்ட்லி என்று ஒரு அம்மாள், என் வயதில் பாதி இருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அணைக்கரையின் பின்பக்கச் சரிவில் ஆடு மேய்வதுபோல இரண்டு மணி நேரம் நடந்தாள். ஏரிக்கரை வீட்டுக்காரர் சங்கத் தலைவி என்ற முறையில் நானும் கூடவே நடந்தேன், என் முழங்கால் என்ன பாடுபட்டது என்பது எனக்குத்தான் தெரியும். அடிவாரத்தில் ஓரிடத்தில் நின்று கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்திக் காட்டினாள். "தெளிவா கசிஞ்சா நான் கவலைப்பட மாட்டேங்க. இது பாருங்க, கலங்கி வருது. கரை உள்ளுக்குள்ள கரைஞ்சுட்டு இருக்கு" என்றாள். செப்டம்பரில் மதகைத் திறந்து ஏரியை நாலடி இறக்க வேண்டும், குளிர்காலத்துக்குள் கரையைப் பழுதுபார்க்க வேண்டும், சங்கமே ஓட்டுப்போட்டு முடிவெடுத்தால் நல்லது, இல்லாவிட்டால் அரசாங்கம் தானே வந்து செய்யும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நீ ஏரிக்கரையில் வளர்ந்தவள், நம் ஆட்களை உனக்குத் தெரியும். வாத்து எச்சம் போட்டால் அவசரக் கூட்டம் போடுவார்கள், அணை ஒழுகுகிறது என்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். ஆகஸ்டில் கூட்டம் நடந்தது, நாற்பத்தேழு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள், நான் தலைவியாக இருந்த ஆறு வருடத்தில் அப்படி ஒரு கூட்டம் கூடியதே இல்லை. பக்கத்து வீட்டு டுவேன் எழுந்தார். அவர் புதுப் பெரிய படகு வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேள். "அறுபது வருஷமா நிக்குது அந்தக் கரை. ஒரு சொட்டு ஒழுகுதுன்னு ஒரு பொண்ணு வந்து சொன்னா ஏரியையே காலி பண்ணிடுவீங்களா? எனக்கு மூக்கு ஒழுகுது, தலையை வெட்டிடலாமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் லொரெய்ன், "பக்கத்துல ஏரி இருக்கு, தரை ஈரமாத்தான் இருக்கும். இதைச் சொல்ல ஒரு ஆய்வாளர் வேணுமா?" என்று கேட்டாள், அதற்கும் கைதட்டல். நான் அணைக்குக் கீழே ஓடைத் தெருவில் இருக்கிற பத்தொன்பது வீடுகளின் வரைபடத்தைத் தூக்கிக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து யாரோ, "டுவேனோட பழைய பெண்டாட்டி அங்கதானே இருக்கா, அதான் மனுஷன் இவ்வளவு தைரியமா இருக்காரு" என்றார்கள். அதற்கு டுவேன் சிரிக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலைச் சாப்பாட்டின்போது அப்பா, "இந்த வருஷம் வேண்டாமே ஜெனீவா. அடுத்த வருஷம் இறக்கிக்கலாமே" என்றார். ஊர் முழுக்க எதிர்க்கும்போது வீட்டுக்குள்ளும் ஒரு எதிர்க்கட்சியா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரைபடத்தை அவர் முட்டைத் தட்டின் மேலேயே விரித்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கூல் பஸ் எங்க நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஓடைத் தெரு முனையில், மதகுக்கு நேர் கீழே என்று காட்டினேன். முட்டை ஆறிப்போனதுதான் மிச்சம். நமது சங்கத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு, தலைவர் நாற்காலியில் இருப்பவர் ஓட்டுப்போடக் கூடாது, அதனால் நம் வீட்டு ஓட்டு அப்பா கையில். கைகளை எண்ணினோம். ஆதரவு இருபத்துமூன்று, எதிர்ப்பு இருபத்துமூன்று. காப்பிப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருத்தர் இரண்டு தடவையும் கையைத் தூக்கவில்லை. "ஆல்வின், நீங்க எந்தப் பக்கம்?" என்று லொரெய்ன் கேட்டாள். "இதைக் கேக்கணுமா? மேடையில வீட்டுக்காரி உக்காந்திருக்கா" என்றார் டுவேன். அப்பா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். வலது கையை, சட்டைப்பை உயரத்துக்குத்தான், தூக்கினார். ஏரியை இறக்குவது என்று முடிவாயிற்று. வருகிற வழியில் காரில், எனக்காகத்தானே தூக்கினீர்கள் என்று நான் உருகிப்போய்க் கேட்டேன். "சிக்னல் விழுந்திருச்சு, வண்டியை எடு" என்றார்.

செப்டம்பர் முதல் வாரம் மதகைத் திறந்தார்கள். அந்த நேரம் பார்த்து எவன்ஸ்வில்லில் உன் பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், துணைக்குப் பத்து நாள் போய் இருந்தேன் (கண் இப்போது நன்றாகத் தெரிகிறது, என் வீட்டுத் தூசி எல்லாம் தெரிகிறது என்று குறை சொல்லுகிற அளவுக்கு). நாலடி இறங்கியதும் கரையில் இன்னொரு கசிவு தெரிந்து, பார்ட்லி அம்மாள் ஆறடியாக்கச் சொல்லிவிட்டாள். நான் திரும்பி வந்து காரை நிறுத்தும்போதே வாசலில் லொரெய்ன் நிற்கிறாள், கையில் எழுத்துமூலமான புகார். "நீங்களே வந்து பாருங்க ஜெனீவா, நான் வாயால சொன்னா நல்லா இருக்காது" என்றாள். போய்ப் பார்த்தேன். ஏரி வற்றினால் அவரவர் படகுத்துறைக்கு முன்னால் அவரவர் வண்டவாளம் வெளியே வந்துவிடும் ஹைடி. லொரெய்ன் வீட்டு முன்னால் இரண்டு டயர், ஒரு துருப்பிடித்த துணி துவைக்கும் மெஷின். டுவேன் வீட்டு முன்னால் பீர் டப்பாக்கள், ஒரு மலையே. ஆனால் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? நம் வீட்டு முன்னால், அல்லி படர்ந்திருக்குமே அந்த மூலையில், சேற்றுக்குள் ஒரு காடு நின்றது. கறுத்துப்போன கிறிஸ்துமஸ் மரங்கள், ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சிமெண்ட் கட்டி கம்பியால் கட்டியிருந்தது. அறுபத்துநாலு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ண மனமில்லை.

உனக்கு இப்போது புரிந்திருக்கும். ஒவ்வொரு ஜனவரியிலும் பண்டிகை முடிந்த மரத்தை உரத்துக்கு அரைக்கிற இடத்தில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பி மூன்று மணி நேரம் கழித்து வருவாரே, என்ன பொறுப்பான மனிதர் என்று நான் அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வேனே, அதெல்லாம் இதுதான். நம் வீட்டு மரம் மட்டுமா, தெருவோரம் மற்றவர்கள் போட்ட மரத்தையெல்லாம் பொறுக்கி வந்து இருபது வருடமாக ஏரிக்குள் இறக்கியிருக்கிறார். கிராப்பி மீன் மரக்கிளைக்குள்தான் அடையுமாம். ஜூலை நாலாம் தேதி மீன்பிடிப் போட்டியில் பதினோரு வருடம் தொடர்ந்து அப்பாவுக்குத்தான் கோப்பை, பதினோரு வருடமும் டுவேனுக்கு இரண்டாமிடம். எல்லாரும் அப்பாவின் கையில் ஏதோ ராசி இருக்கிறது என்றார்கள், நானும் அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தேன். விதி பதினாலு சொல்கிறது, ஏரிக்குள் எந்தப் பொருளையும் போடக் கூடாது, உதிர்ந்த இலைகூட. அந்த விதியை எழுதியது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'இலைகூட' என்ற வார்த்தையை அடம்பிடித்துச் சேர்த்ததும் நான்தான்.

விசாரணைக் கூட்டத்தில் புகாரைத் தலைவிதான் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். வாசித்தேன். அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், எழுந்து, "ஆமா, நான்தான் போட்டேன். அத்தனையும் நான்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு சாக்கு இல்லை, ஒரு சமாதானம் இல்லை. கூட்டத்துக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை, நாங்கள் இதுவரை விசாரித்த எவரும் ஒப்புக்கொண்டதே கிடையாது, ஒப்புக்கொண்டால் அடுத்து என்ன என்று விதியில் எழுதவும் இல்லை. டுவேன் மட்டும், சாட்சிக்கு எடுத்து வந்து மேசை மேல் வைத்திருந்த கிளையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஒரு சிவப்பு மணி தொங்கியது. "இது எங்க வீட்டு மணி. யோவ் ஆல்வின், எங்க வீட்டு மரத்தை வச்சா என்னை ஜெயிச்சே?" என்றார். அப்பா, "மூணு வருஷம் உன் மரம்தான் டுவேன். நல்ல அடர்த்தியான மரமா வாங்குவே நீ" என்றார். மனிதருக்குக் கேலி செய்யத் தெரியாது, நிஜமாகவே பாராட்டினார். தண்டனை ஒரு வருடம் படகு ஓட்டத் தடை, தண்ணீரே இல்லாத ஏரியில். அதோடு முப்பது நாள் பேர் படகுத்துறைப் பலகையில். பலகையில் எழுத வேண்டியதும் தலைவிதான். நான் சாக்கட்டியோடு ஸ்டூல் மேல் ஏறியபோது அது ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். "கடைசி எழுத்து கொஞ்சம் சரிவா போகுது பாரு" என்று வேறு சொன்னார்.

மறுநாள் பதினோரு கோப்பையையும் துணிக்கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு டுவேன் வீட்டுக்குப் போனார். டுவேன் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இதை வச்சு நான் என்ன பண்றது? எல்லாத்துலயும் உன் பேருல்ல வெட்டியிருக்கு" என்றாராம். அப்புறம் கிளறி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாராம். "இந்தக் கோப்பை வருஷம் எனக்குத்தான் பெரிசு மாட்டுச்சு. படகு விளிம்பு வரைக்கும் வந்து நழுவிப்போச்சு. இது என்னோடது" என்றாராம். மிச்சம் பத்தோடு அப்பா திரும்பி வந்தார். சங்கம் அந்த மரங்களை அகற்றுவதற்கு யோசனை கேட்டு ஒரு மீன் நிபுணரை வரவழைத்தது. அவர் சேற்றில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எடுக்கவா? எதுக்கு எடுக்கணும்? இந்த ஏரியில மீனுக்குன்னு யாராவது உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்காங்கன்னா அது இதுதான்" என்றார். இப்போது விதி பதினாலு திருத்தப்பட்டுவிட்டது, ஏரிக்குள் எந்தப் பொருளையும் போடக் கூடாது, மரம் தவிர. வருகிற ஜனவரியில் நாற்பது மரம் இறக்கச் சங்கமே ஒரு குழு போட்டிருக்கிறது, குழுத் தலைவர் டுவேன். அப்பா பேர் மட்டும் பலகையில் அப்படியே இருந்தது, முப்பது நாள் இன்னும் முடியவில்லை அல்லவா.

இது எல்லாவற்றுக்கும் நடுவில் ஒருநாள் அவரைக் கேட்டுவிட்டேன். ஏரி இறங்கினால் உங்கள் குட்டு வெளிப்படும் என்று தெரிந்தும் ஏன் கை தூக்கினீர்கள் என்று. "நாலடின்னுதானே தீர்மானம். என் மரமெல்லாம் அஞ்சடிக்குக் கீழ இருக்கு, தப்பிச்சிரலாம்னு கணக்குப் போட்டேன். அந்தப் பொண்ணு ஆறடியாக்கிட்டா" என்றார். எனக்கு வந்த ஏமாற்றத்தை என்ன சொல்ல, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகுதான் கர்ட் அனுப்பிய அந்தப் போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், நீயும் எடுத்துப் பார். மதகு திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அப்பாவுக்குப் பின்னால் இருக்கிற அளவுப் பலகையில் தண்ணீர் இரண்டரை அடிதான் இறங்கியிருக்கிறது, அதற்குள்ளேயே மரத்து நுனிகள் ஏழெட்டு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த மரங்களைத் தன் கையால் நட்டவருக்கு எது எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரியாதா? நாலடி இறக்கினாலே மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்துதான் கையைத் தூக்கியிருக்கிறார். நாற்பத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியும் எனக்கு இது விளங்கவில்லை, இந்த மனிதருக்கு நல்லவர் என்று பேர் வாங்குவதைவிடக் கள்ளன் என்று பேர் வாங்குவது சௌகரியமாக இருக்கிறது. நான் மறுபடி கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

அக்டோபர் நடுவில் அந்த மழை வந்தது. ஒன்றரை நாள் நிற்காமல் கொட்டியது, எங்கோ தெற்கே கரையேறிய புயலின் வால் என்றார்கள். ஆறடி இறங்கிக் கிடந்த ஏரி கண்ணெதிரே ஏறியது, முதலில் மரங்கள் முழுகின, பிறகு லொரெய்னின் மெஷின், பிறகு பீர் மலை. மறுநாள் மத்தியானம் ஐந்தடி ஏறி நின்றது. பார்ட்லி அம்மாள் கரை மேல் குடைகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள், நானும் பக்கத்தில். "இது முழு ஏரியா இருந்திருந்தா நான் இங்க நின்னுட்டு இருக்க மாட்டேங்க. கீழ ஒவ்வொரு வீடா கதவைத் தட்டிட்டு இருப்பேன்" என்றாள். கீழே எட்டிப் பார்த்தால் ஓடைத் தெருவில், மூன்றாவது வீட்டு வாசலில், அதாவது பழைய பெண்டாட்டி வீட்டு வாசலில், டுவேனின் டிரக் நிற்கிறது. எஞ்சினை ஓடவிட்டபடி, வீட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தார். வீட்டுக்குள் அவர் போகவில்லை, அவளும் வெளியே வரவில்லை, மழை விட்ட பிறகுதான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாராம். கரை நின்றது. நாலைந்து நாளில் மறுபடி மதகு வழியாக இறக்கிவிட்டார்கள், இப்போது பழுதுவேலை நடக்கிறது. இன்றைக்கு ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு இறக்கத்தான் கை தூக்கினேன் என்கிறார்கள். நான் என் கண்ணால் எண்ணிய அந்த இருபத்துமூன்று எதிர்ப்புக் கைகள் யாருடையவை என்று இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. டுவேன் போன வாரம் என்னிடமே, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை வருடாந்திரக் கூட்டம். கட்டினவரின் பேரைப் பலகையில் எழுதிய பிறகு எனக்கு அந்த நாற்காலி போதும் போதும் என்றாகிவிட்டது, விலகிக்கொள்கிறேன் என்றேன். வழக்கம்போல எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் லொரெய்ன் எழுந்து, "ஆல்வினைப் போடுங்க. இந்த ஏரிக்கரையிலேயே தன் மேல வந்த புகாரை ஒத்துக்கிட்ட ஒரே ஆள் அவருதான்" என்றாள். நாற்பத்தாறு ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. எதிர்த்த கை அவருடையது, இந்தத் தடவை தலைக்கு மேல் தூக்கினார், யாரும் கண்டுகொள்ளவில்லை.

பயலுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்பியிருக்கிறேன், அங்கே வெயில்காலம் வருகிறது என்று தெரியும், கால் வளர்வதற்குள் குளிர்காலம் வந்துவிடும், வைத்துக்கொள். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே சாப்பிடுவதை விடு. ரோரியை அதட்டாதே, பேசாமல் இருக்கிற ஆம்பிளைகள் எதை எங்கே இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று நமக்கு உடனே தெரிவதில்லை. நீ, ரோரி, குழந்தை மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேருடைய பிரார்த்தனையும் ஆசீர்வாதமும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மறக்காமல் போன் போடு, தலைவர் என்று கூப்பிட்டுவிடாதே, எழுந்து போய்விடுவார்.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். புதுத் தலைவருக்கு முதல் புகார்க் கடிதம் போட்டது நான்தான். முப்பத்தோராம் எண் வீட்டு முன்னால், அதாவது நம் வீட்டு முன்னால், செப்டம்பரிலிருந்து ஒரு படகு சேற்றில் கவிழ்ந்து கிடக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, விதி ஒன்பதின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முறையாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நேற்று இரவுச் சாப்பாட்டில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கமிட்டி கூடும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு மசியலை இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
உன்னை நினைக்காத நாளில்லாத அம்மா
ஜெனீவா
வீட்டு எண் 31, சாதாரண உறுப்பினர்